முழு அறுபது நொடி

என் தங்கை ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் நோயாளியின் மூச்சை எண்ணுவாள். நலம் விசாரிப்பது அதற்குப் பிறகுதான். எண்ணுவது தெரியாதபடி எண்ணுவாள். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நாடி பார்ப்பவள்போல நிற்பாள். கண் மட்டும் போர்வை ஏறி இறங்குவதில் இருக்கும். யாரோ எண்ணுகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் ஒருவருக்கும் மூச்சு இயல்பாக வராது. சந்தேகமாக இருந்தால் உங்கள் மூச்சை இப்போதே கவனித்துப் பாருங்கள்.

அவள் வலி நிவாரணப் பிரிவில் வீடு வீடாகப் போகும் நர்ஸ். அந்த வண்டியை ஓட்டுகிறவன் நான். வயதில் அவளுக்கு ஆறு வருடம் மூத்தவன் என்றாலும் வண்டிக்குள் அவள் சொல்வதுதான் சட்டம். "டிரைவர், அடுத்த சந்துல திரும்புங்க" என்று ஊரான் வீட்டு ஆளைப்போலச் சொல்வாள். சாயங்காலம் ஆறு மணிக்கு அலுவலகத்தில் சாவியை ஒப்படைத்து வெளியே வந்த பிறகுதான் நான் மறுபடியும் அண்ணன். அதிலும் பாதி நாள், "அண்ணே, அந்த வேகத்தடை மேல ஏன் அப்படி ஏத்தினே?" என்றுதான் ஆரம்பிப்பாள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அவளைப் படிக்க வைத்ததில் எனக்குப் பங்கு உண்டு என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். உண்மையில் அவள் தானாகத்தான் படித்தாள். நான் காலையில் எழுப்பிவிட்டேன், அவ்வளவுதான். அதைக்கூட அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். "நான் முழிச்சுக்கிட்டுதான் படுத்திருப்பேன், நீதான் வந்து கதவைத் தட்டுவே" என்பாள்.

அவளுக்கு 'அறுபது சிஸ்டர்' என்று பட்டப்பெயர் வந்தது முதல் வேலையில். முப்பத்திரண்டு கட்டில் உள்ள வார்டு. கட்டிலுக்குக் கட்டில் ஒரு தாள் தொங்கும். அதில் காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம், மூச்சு என்று நாலு கட்டம். முதல் மூன்றையும் கருவி வைத்துப் பார்ப்பார்கள். மூச்சுக் கட்டத்தில் மட்டும் முப்பத்திரண்டு பேருக்கும் பதினெட்டு என்று எழுதியிருக்கும். முந்தின நாளும் பதினெட்டு, அதற்கு முந்தின நாளும் பதினெட்டு. இவள் கடிகாரத்தைப் பார்த்து எண்ணி, பதினாறு, இருபத்திரண்டு, இருபத்தேழு என்று எழுதிவைத்தாள்.

தலைமை நர்ஸ் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாராம். "எல்லாருக்கும் ஒரே மாதிரி வருது. உனக்கு மட்டும் ஏன் வேற வேற வருது?"

"அவங்க வேற வேற ஆளுங்க மேடம்."

"வாய் ரொம்ப நீளம். பதினஞ்சு நொடி எண்ணி நாலால பெருக்கு. ஒருத்தருக்கு ஒரு நிமிஷம்னா மதியச் சாப்பாட்டுக்கு நான் உன்னைத் தேடணும்."

இருபத்தேழு எழுதிய கட்டிலில் இருந்தவருக்கு அன்று மாலையே நுரையீரலில் சளி கட்டியிருப்பது தெரிந்தது. அதற்காக யாரும் இவளைப் பாராட்டவில்லை. பட்டப்பெயர்தான் கிடைத்தது. இவளும் பெருக்கல் பக்கம் போகவில்லை. இன்றுவரை முழு அறுபது நொடி. இவளுடைய மகள், "அம்மா, நான் தூங்கும்போது பக்கத்துல நின்னு எண்ணாதே, பயமா இருக்கு" என்று ஒருமுறை சண்டை போட்டதை நானே கேட்டிருக்கிறேன்.

எங்கள் வேலையில் மூச்சு ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் போகும் வீடுகளில் பெரும்பாலும் புற்றுநோய் முற்றியவர்கள். சாதாரண மாத்திரைக்கு அடங்காத வலி. அவர்களுக்கு மார்ஃபின் வகை மருந்து கொடுப்பார்கள். அது வலியை அடக்கும். கூடவே சில தொல்லைகளையும் கொண்டுவரும். மலம் கட்டும், குமட்டும், உடம்பு அரிக்கும், சிலருக்குப் பேச்சு குழம்பும். அளவு மிஞ்சினால் தூக்கம் வரும். அதற்கும் மேலே போனால் மூச்சு குறையும். எட்டு வருடமாக வண்டி ஓட்டி இதை நானும் மனப்பாடம் செய்துவிட்டேன். "தூக்கம்தான் முன்னாடி வந்து சொல்லிட்டுப் போற ஆளு. அதைக் கவனிக்கலேன்னா பின்னாடி வர்ற ஆளு கதவைத் தட்ட மாட்டான்" என்பது அவள் எல்லா வீட்டிலும் சொல்லும் வசனம்.

இனி சலவைக் கடை வீட்டுக்கு வருகிறேன்.

கீழே கடை, மேலே ஒரே அறை. இரண்டுக்கும் நடுவில் பதினாலு படி. கடையில் நீளமான மேசை, அதன்மேல் பழுப்பேறிய கம்பளி, கனமான இஸ்திரிப் பெட்டி. மூன்று சுவரிலும் அலமாரி, அலமாரி நிறைய துணி மூட்டை. கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். பள்ளிக்கூடம் பக்கம் போகாதவர். எண் தெரியும், எழுத்து தெரியாது. ஆனால் எந்தச் சட்டை எந்த வீட்டுச் சட்டை என்பதில் ஒருநாளும் தவறியதில்லை. காலருக்கு உள்பக்கம் அழியாத மசியால் குறி போட்டிருப்பார். ஒரு வீட்டுக்கு வட்டம், ஒரு வீட்டுக்குக் கோழிக்கால், இன்னொரு வீட்டுக்கு இரண்டு கோடும் ஒரு புள்ளியும். இப்படி இருநூறு குறி அவர் தலைக்குள் இருந்தன.

அவருடைய மனைவி மேல் அறையில் ஜன்னல் ஓரக் கட்டிலில் இருந்தார். நோய் முதுகெலும்பில் இறங்கியிருந்தது. வாய்வழியாக எது கொடுத்தாலும் வாந்தி. அதனால் டாக்டர் தோலில் ஒட்டுகிற வலி மருந்துப் பிளாஸ்திரியை எழுதிக்கொடுத்தார். ஒரு தீப்பெட்டி அட்டை அளவுதான் இருக்கும், பார்க்கக் கண்ணாடித்தாள் மாதிரி. ஒருமுறை ஒட்டினால் மூன்று நாள் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து உள்ளே இறங்கும்.

திங்கட்கிழமை என் தங்கை அதை அந்த அம்மாளின் வலது தோள்பட்டைக்குப் பின்னால் ஒட்டினாள். மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் மேலே போயிருந்தேன்.

"ஐயா, நல்லாக் கேட்டுக்குங்க. இதைக் கத்தரிக்கக் கூடாது. வெயில் படக் கூடாது. இது மேல சுடுதண்ணிப் பை வைக்கக் கூடாது."

"சரிங்க சிஸ்டர்."

"என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லுங்க."

"கத்தரி கூடாது, வெயில் கூடாது, சுடுதண்ணிப் பை கூடாது."

"அவருக்கு எதுவும் மறக்காது சிஸ்டர்" என்றார் கட்டிலில் இருந்த அம்மாள். "கல்யாணமான வருஷம் நான் போட்ட சண்டைக்கெல்லாம் தேதி வச்சிருக்காரு."

வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர், நோயாளியின் நிலையைத் தினமும் தாளில் எழுதுவதாகப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும் என்று எங்கள் பிரிவில் விதி. அந்த வீட்டில் படிக்கத் தெரிந்தவர் அந்த அம்மாள் ஒருவர்தான். அவரே போட்டார். மயங்கிப்போனால் தன் மயக்கத்தைத் தானே எப்படி எழுதுவார் என்று எங்களில் ஒருவருக்கும் அன்று தோன்றவில்லை.

செவ்வாயும் புதனும் தங்கை போன் செய்தாள். வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, தெளிவாகத்தான் பேசுகிறாள் என்று பதில் வந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பிளாஸ்திரி மாற்றப் போனோம்.

கடைக்காரர் படி இறங்கி எதிரே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "மெதுவா வாங்க சிஸ்டர், தூங்குறா. ரெண்டு மாசத்துல இப்பதான் இப்படித் தூங்குறா. நீங்க நல்லா இருக்கணும்."

என் தங்கை சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு இரண்டு படியாக ஏறினாள். அந்த அம்மாள் ஒருக்களித்துப் படுத்திருந்தார். கட்டில் பக்கத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணத் தொடங்கினாள். கதவோரத்தில் நின்று நானும் மனதுக்குள் எண்ணினேன். முதல் பதினைந்து நொடிக்கு மூன்று மூச்சு. நாலால் பெருக்கினால் பன்னிரண்டு. பயப்பட ஒன்றுமில்லை என்று நான் பெட்டியைக் கீழே வைத்தேன்.

பிறகு போர்வை அசையவில்லை. ஐந்து நொடி, பத்து நொடி. நான் என் மூச்சையும் நிறுத்திவிட்டேன். பிறகு ஒன்று வந்தது, பெருமூச்சு மாதிரி. மறுபடியும் நீண்ட இடைவெளி. நிமிடம் முடிந்தபோது மொத்தம் ஏழு.

"அக்கா!" தோளைத் தட்டினாள். பதில் இல்லை. நெஞ்செலும்பில் விரல் முட்டியால் அழுத்தித் தேய்த்தாள். "அக்கா, கண்ணைத் திறங்க!"

கண் திறந்தது. "ஜன்னலை..." என்று ஆரம்பித்தவர் அந்தச் சொல்லின் பாதியிலேயே மறுபடி தூங்கிப்போனார். தங்கை இமையை விலக்கி டார்ச் அடித்தாள். கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது.

பிளாஸ்திரியைப் பார்க்க அவரைத் திருப்பியபோது தோள்பட்டைக்கு அடியிலிருந்து ஒரு துணி வந்தது. நாலாக மடித்த வெள்ளைத் துணி. நான்தான் அதை எடுத்தேன். இஸ்திரிப் பெட்டியிலிருந்து இறங்கி அரை மணி நேரம்கூட ஆகாத சூடு. அதன் அடியில் இருந்த தோல் சிவந்து கிடந்தது.

"ஐயா, இது என்ன?"

"துணி சிஸ்டர். நேத்து சாயங்காலம் திரும்பவும் வலிக்குதுன்னா. தேய்ச்சு மடிச்சு வச்சேன். உடனே வலி விட்டுப்போச்சு. அதான் விடியக்காலைலருந்து மாத்தி மாத்தி வச்சேன்."

"சூடு வைக்கக் கூடாதுன்னு சொன்னேனே ஐயா!"

"பைதானே வேண்டாம்னீங்க? தண்ணி கசிஞ்சு ஒட்டு விட்டுப்போயிடும்னுதானே? நான் ஈரமே படாம வச்சேன் சிஸ்டர்."

என் தங்கை ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு பிளாஸ்திரியை உரித்து, ஒட்டும் பக்கம் உள்ளே போக மடித்து டப்பாவில் போட்டாள். குளிர்ந்த தண்ணீரால் தோலைத் துடைத்தாள். "டிரைவர், வண்டியைத் திருப்பி நிறுத்துங்க. ஆக்சிஜனை மேல கொண்டு வாங்க."

சூடு பட்டால் மூன்று நாளுக்கான மருந்து அவசரமாக உள்ளே இறங்கும். உரித்த பிறகும் தோலுக்கடியில் தேங்கியது இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் உரித்தாயிற்று என்று உட்கார்ந்திருக்க முடியாது.

மருத்துவமனைக்குப் பதினோரு நிமிடம். பின்னால் தங்கை அந்த அம்மாளின் தலையைத் தாங்கிக்கொண்டு, "மூச்சு இழுங்க அக்கா... இழுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். சொன்னால் இழுத்தார். சொல்லாவிட்டால் மறந்துபோனார். கடைக்காரர் கைகளைப் பிசைந்துகொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, அழறது அப்புறம். அக்காவுக்குக் கோபம் வர்ற மாதிரி ஏதாவது பேசுங்க. தூங்க விடாதீங்க."

"கோபம் வர்ற மாதிரியா?" அவர் திணறினார். பிறகு மனைவியின் காதுப்பக்கம் குனிந்தார். "இந்தா, கேளு. அந்த வாத்தியார் வீட்டு வெள்ளைக் கோட்டு கருகிப்போச்சே... நீ கருக்கலை. நான்தான் கருக்கினேன். பெட்டியை வச்சுட்டு வாசல்ல பேசிட்டு இருந்துட்டேன். உன் மேல போட்டுட்டேன்."

கண்ணாடியில் பார்த்தேன். அந்த அம்மாளின் கண் பாதி திறந்தது.

"தெரியும்" என்றார்.

"தெரியுமா? பின்ன ஏன் ஏழு வருஷமா சொல்லலை?"

"நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்."

"அப்படித்தான், பேசுங்க" என்றாள் என் தங்கை. "ஐயா, வேற என்னென்ன கருக்கினீங்க? எல்லாத்தையும் சொல்லுங்க."

வழி நெடுக அவர் ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டு வந்தார். பட்டியல் நீளமானது. மருத்துவமனை வாசலில் நிறுத்தியபோது அந்த அம்மாளுக்கு மூச்சு நிமிடத்துக்கு எட்டு.

எதிர்மருந்தைச் சிறுகச் சிறுக ஏற்றினார்கள். பிற்பகலில் மூச்சு பதினான்குக்கு வந்தது, கண் தெளிந்தது. கூடவே வலியும் முழுசாகத் திரும்பியது. அந்த அம்மாள் கத்தியது வராந்தாவின் கடைசிவரை கேட்டது. வாசலில் நின்றிருந்த கடைக்காரர் தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அன்று மாலை தங்கை அறிக்கை எழுதினாள். சாவி கொடுக்கப் போன நான் அதைப் படித்தேன். 'சூடு கூடாது என்று சொல்லாமல், சுடுதண்ணிப் பை கூடாது என்று மட்டும் சொன்னேன். காரணமும் விளக்கவில்லை. இது என் தவறு' என்று எழுதியிருந்தாள்.

"இதை ஏன் நீயே எழுதுறே? அந்த மனுஷன்தானே துணியை வச்சாரு?"

"அவர் நான் சொன்னதைச் சொன்னபடி கேட்டாரு அண்ணே. இதை எழுதலேன்னா அடுத்த வீட்டுலயும் பைன்னுதான் சொல்லிட்டு வருவோம். அங்க எவனாவது செங்கல்லைச் சுட வைப்பான்."

மறுநாள் எங்கள் பெரிய டாக்டர் கூப்பிட்டார். கண்டிப்பான அம்மாள், ஆனால் காது கொடுத்துக் கேட்பவர். நான் வண்டிப் பதிவேட்டில் கையெழுத்து வாங்க அங்கேயே நின்றிருந்தேன்.

"அறிக்கையைப் படிச்சேன். நேர்மையா எழுதியிருக்கே. ஆனா அந்த வீட்டுக்கு இனிமே பிளாஸ்திரி கிடையாது. வார்டுல வச்சு ஊசி போட்டுக்கலாம்."

"அவங்க வார்டுல இருக்க மாட்டேங்கிறாங்க டாக்டர்."

"ஏனாம்?"

"இங்க படுத்தா கூரையைத்தான் பாக்கணும், வீட்டுல ஜன்னல் இருக்கு, திட்டறதுக்கு ஆள் இருக்குங்கிறாங்க. இன்னும் எவ்வளவு நாள் இருப்பாங்கன்னு நமக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும். அந்த நாளை எங்க கழிக்கறதுன்னு அவங்கதான் சொல்லணும்."

"வீட்டுல யாரு கவனிப்பா? அந்த ஆளுக்கு ஒரு எழுத்து படிக்கத் தெரியாது."

"எண்ணத் தெரியும் டாக்டர். மருந்து தப்பு பண்ணலை, சூடு பண்ணிச்சு. காரணம் தெரிஞ்சுபோச்சு. நாலு நாள் குடுங்க, அவரைத் தயார் பண்ணிக் காட்டறேன். உங்களுக்குத் திருப்தி இல்லேன்னா நானே அவங்ககிட்டப் போயி வார்டுதான்னு சொல்லிடறேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாலு நாள்" என்றார்.

அந்த நாலு நாளும் கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வார்டுக்கு வந்தார். முதல் நாள் தங்கை அச்சடித்த தாளை அவர் முன்னால் வைத்தாள். தெளிவு, அயர்வு, மயக்கம் என்று கட்டம் கட்டமாக எழுத்து. அவர் ஏதோ பாத்திரம் கழுவிய தண்ணீரைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார்.

"சரி, இதை விடுங்க. நல்லா முழிச்சிருக்கற ஆளுக்கு நீங்க என்ன குறி போடுவீங்க?"

அவர் யோசித்து, வட்டம் போட்டு நடுவில் புள்ளி வைத்தார். தூக்கம், ஆனால் கூப்பிட்டதும் விழிப்பு: வட்டத்துக்குள் ஒரு கோடு. பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவது: பாதி வட்டம். எழுப்பினாலும் எழாதது: பேனாவை வைத்தவர் சட்டென்று எடுத்தார்.

"இதுக்குக் குறி வேண்டாம் சிஸ்டர்."

"வேணும் ஐயா. போடத் தெரிஞ்சாதான் பாக்கத் தெரியும்."

அவர் ஒரு பெருக்கல் குறி போட்டார். கோடு நேராக இருந்தது. வலிக்குப் பத்துவரை எண். மலம் போனதற்குக்கூட ஒரு குறி உண்டு. அது எப்படி இருந்தது என்பதை இங்கே எழுத வேண்டாம். வாந்திக்கு ஒன்று, அரிப்புக்கு ஒன்று.

பிறகு மூச்சு. சுவர்க் கடிகாரத்தின் சிவப்பு முள் மேலிருந்து கிளம்பி மேலே வந்து சேரும்வரை. முதலில் என்னை உட்கார வைத்து எண்ணினார். எனக்கு மூச்சே வரவில்லை.

"டிரைவருக்கு ஆறு" என்றார் கவலையாக.

"அது பிடிச்சு வச்சிருக்கு ஐயா, நம்பாதீங்க" என்றாள் தங்கை.

நாலாம் நாள் பெரிய டாக்டர் வந்தார். வார்டில் பத்துப் பேரைக் காட்டி எண்ணச் சொன்னார், தானும் எண்ணினார். எட்டுப் பேருக்கு இருவரும் ஒன்று. ஒருவருக்குக் கடைக்காரர் சொன்னது ஒன்று கூடுதல். கடைசி ஆளுக்கு டாக்டர் பதினாறு என்றார், இவர் பதினாலு என்றார்.

"நான் கால் நிமிஷம் எண்ணி நாலால பெருக்கினேன்" என்று டாக்டரே சொன்னார். என் தங்கை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிப்பை அடக்குகிறாள் என்பது எனக்குத் தெரியும்.

பாதி வலுவுள்ள பிளாஸ்திரி, ஒரு வாரம். தாளில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் வார்டுதான். அதுதான் டாக்டர் போட்ட நிபந்தனை.

வீட்டுக்குப் போனதும் தங்கை முதலில் சொன்னது: "ஐயா, சூடு எந்த உருவத்துல வந்தாலும் கூடாது. பை, துணி, செங்கல், அடுப்பு, வெந்நீர்க் குளியல், எதுவும். ஏன்னா சூடு பட்டா மருந்து ஓட ஆரம்பிச்சிடும். மூச்சு பத்துக்குக் கீழ போனா எழுப்பிட்டு எனக்குப் போன். எழுப்பி எழலேன்னா பிளாஸ்திரியை உரிச்சுப் போட்டுட்டுப் போன்."

விதிப்படி அந்த வாரம் இரண்டு முறை போனால் போதும். அவள் ஏழு நாளும் போனாள். ஐந்து நாள் வண்டி கிடையாது. ஆறு மணிக்கு மேல் என் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்தாள். மேடு வந்தால், "இறங்கட்டுமா?" என்று கேட்பாள், இறங்க மாட்டாள்.

தாளில் ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. ஆனால் ஐந்தாம் நாளிலிருந்து வலி எண் ஏறியது. ஐந்து, ஏழு, எட்டு. நாங்கள் போனபோது அந்த அம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

"ஒரே ஒரு தடவை துணி வச்சு எடுங்கன்னு கெஞ்சினேன் சிஸ்டர். கல்லு மாதிரி உக்காந்திருக்காரு."

கடைக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இஸ்திரிப் பெட்டியின் மின்சார வயரைப் பிடுங்கி அவர் தன் சட்டைப்பையில் சுருட்டி வைத்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

தங்கை தாளைப் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பினாள். வலி எட்டு, மூச்சு பதினைந்து, எல்லாக் கட்டத்திலும் வட்டமும் புள்ளியும். மருந்து போதவில்லை, ஆபத்துமில்லை என்று அந்தத் தாளே சொன்னது. டாக்டர் அளவைக் கூட்டச் சொன்னார். மறுநாள் காலை பழைய வலுவுள்ள பிளாஸ்திரியோடு போனோம்.

உறையைப் பார்த்ததும் கடைக்காரர் கட்டிலுக்கும் என் தங்கைக்கும் நடுவில் வந்து நின்றார். எழுத்து தெரியாவிட்டாலும் உறையின் நிறம் அவருக்குத் தெரியும்.

"அதே ஒட்டுதானே இது? வேண்டாம் சிஸ்டர். அவ கத்தினாலும் பரவாயில்லை. கத்தினா உயிரோட இருக்கான்னு அர்த்தம்."

"ஐயா, அன்னைக்கு இதை நாம கவனிக்கலை. இப்ப நீங்க கவனிக்கிறீங்க."

"எனக்குத் தப்பிப்போச்சுன்னா?"

"தப்பாது. முதல் நாள் முழுக்க நானும் இருக்கேன். லீவு எழுதிக் குடுத்துட்டுத்தான் வந்திருக்கேன்."

அவர் நகரவில்லை. கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"இங்க பாருங்க. வலி யாருக்கு?"

"உனக்குத்தான்."

"அப்ப தள்ளி நில்லுங்க."

இந்த முறை இடது தோள்பட்டை. தங்கை பாதி வலுவுள்ளதை உரித்துவிட்டு, புது இடத்தைத் துடைத்துக் காயவைத்து, உறையைப் பிரித்து ஒட்டினாள். பிறகு அன்று பகல் முழுவதும் அந்த அறையை விட்டு நகரவில்லை. மணிக்கு ஒருமுறை கடைக்காரர் எண்ணுவார், சொல்ல மாட்டார், தாளில் எழுதுவார். அவள் எண்ணுவாள், பிறகு இருவரும் ஒப்பிடுவார்கள். பதினைந்து, பதினான்கு, பதினான்கு, பதிமூன்று. சாயங்காலம் வலி ஆறு. மறுநாள் நான்கு. இரண்டாம் நாள் ஒரு நேரம் வட்டத்துக்குள் கோடு விழுந்தது. அவர் உடனே போன் செய்தார். கூப்பிட்டதும் விழிக்கிறாரா, மூச்சு எத்தனை என்று கேட்டு, "பன்னெண்டா? சரி, அரை மணிக்கு ஒருதரம் எண்ணுங்க, போனைக் கையில வச்சுக்குங்க" என்றாள் தங்கை. மூன்று முறை எண்ணியபின் மறுபடி வட்டமும் புள்ளியும் வந்தன.

மூன்றாம் நாள் பிளாஸ்திரி மாற்றப் போனோம். பெரிய டாக்டரும் எங்கள் வண்டியில் வந்தார். தாளை மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் பார்த்தார். எந்தக் குறிக்கு என்ன அர்த்தம் என்று கடைக்காரரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். மலத்துக்கான குறியைப் பார்த்ததும் மட்டும் மேற்கொண்டு கேட்கவில்லை.

"வலி எவ்வளவும்மா?"

"மூணு" என்றார் அந்த அம்மாள். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வார்டில் பார்த்த முகம் அல்ல அது.

டாக்டர் தாளின் ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். "வீட்டுலயே தொடரலாம்" என்றார்.

தங்கை பழையதை உரித்துவிட்டுப் புதியதைக் கடைக்காரரிடம் கொடுத்தாள். "இன்னைக்கு நீங்க ஒட்டுங்க. ஒட்டிட்டு வெறும் உள்ளங்கையால முப்பது நொடி அழுத்திப் பிடிங்க."

அவர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து ஒட்டினார். இத்தனை வருடம் துணியை அழுத்திய கை; பழக்கத்தில் உடம்பின் பாரமெல்லாம் அதில் இறங்கிவிட்டது.

"மெதுவா அமுக்குங்க" என்றார் அந்த அம்மாள். "நான் என்ன, வாத்தியார் வீட்டுக் கோட்டா?"

அவர் சுவர்க் கடிகாரத்தின் சிவப்பு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது நொடி இன்னும் ஆகவில்லை.